நம்மாள் தவறு செய்தால் மட்டும் ஏன் இவ்வளவு கோபம் வருகிறது?

கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறீர்கள். அந்த மாடியில் நாற்பது பேருக்கு மேல். ஆறு வருஷமாக நீங்கள் ஒருவர்தான் தமிழர். போன மாதம் செந்தூலிலிருந்து ஒரு தமிழ்ப் பையன் பிராக்டிகலுக்கு, அதாவது படிப்போடு சேர்ந்த வேலைப் பயிற்சிக்கு, வந்து சேர்ந்தான். இரண்டு நாள் பத்து நிமிஷம் தாமதமாக வந்தான், தனியே கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டீர்கள். அதே வாரம் ஒரு சீனப் பையன் அரை மணி நேரம் கழித்து வந்து 'ஜேம்லா' (ரோட்டில் நெரிசல்) என்றபோது சிரித்துவிட்டு விட்டுவிட்டீர்கள். அப்புறம் ஒருநாள் நம் பையன் பேன்ட்ரியில் நின்று அம்மாவோடு சத்தமாகத் தமிழில் போன் பேச, உங்களுக்கு உடம்பே கூசியது. இதற்கெல்லாம் முன்னால் மதியச் சாப்பாட்டு மேசையில் ஒரு தோழி 'நீ மற்ற இந்தியன்ஸ் மாதிரி இல்லை' என்று சொன்னாராம். கேட்டதும் சந்தோஷமாக இருந்தது, வீட்டுக்குப் போனதும் அந்தச் சந்தோஷத்தை நினைத்து வெட்கமாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். 'என் இனத்தையே வெறுக்கிறேனா, இல்லை வெளியில் சொல்லும் கெட்ட பேர் எனக்குள்ளும் இறங்கிவிட்டதா?' இதுதான் கேள்வி.

இன்னும் சுருக்கினால், அந்தக் கடுமை உங்கள் குணமா, நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடம் செய்த வேலையா என்று கேட்கிறீர்கள். பெரும்பங்கு இடத்துடையது என்பது என் கணிப்பு. நான் பினாங்கில் இருக்கிறேன். கல்லூரியில் சமூக உளவியல் நடத்தினேன், பிறகு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் லைன் லீடர்களுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் பயிற்சி கொடுத்து வருகிறேன். மனநல மருத்துவர் இல்லை, உங்களை நேரில் பார்த்ததும் இல்லை. ஆகவே உங்கள் மனசைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாமல், உங்கள் நிலையில் இருப்பவர்கள் பொதுவாக எப்படி நடந்துகொள்கிறார்கள், அதில் எது நிரூபணமானது, எது இன்னும் சண்டையில் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

இந்தப் பேச்சை எடுத்தால் எல்லாரும் ஹென்றி தாஜ்ஃபெல் என்ற சமூக உளவியலாளரில்தான் தொடங்குவார்கள். போலந்தில் பிறந்த யூதர். இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படையிலிருந்து ஜெர்மானியரிடம் சிறைப்பட்டுத் திரும்பி வந்து பார்த்தால் குடும்பத்தில் அநேகமாக யாரும் மிச்சமில்லை. மனிதர்கள் கூட்டம் பிரித்துக்கொள்வது எதனால் என்று அவர் தேடியதில் ஆச்சரியம் இல்லை. 1970-ஐ ஒட்டி இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 14, 15 வயதுப் பள்ளிப் பையன்களிடம் ஒரு சோதனை செய்தார். திரையில் தோன்றி மறையும் புள்ளிகளின் எண்ணிக்கையை அதிகமாகச் சொன்னவர்கள் ஒரு குழு, குறைத்துச் சொன்னவர்கள் ஒரு குழு என்று பிரித்ததாகச் சொன்னார். உண்மையில் சீட்டுப் போட்ட மாதிரிதான் பிரித்தது. பிறகு, காசாக மாற்றக்கூடிய மார்க்குகளை மற்ற பையன்களுக்குப் பங்கு போடச் சொன்னார். யாருக்குக் கொடுக்கிறோம் என்று தெரியாது, தனக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. அப்படியும் தன் குழுக்காரனுக்கே கூடுதலாகக் கொடுத்தார்கள். அதைவிட வேடிக்கை, தன் குழுவுக்குக் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, அடுத்த குழுவைவிட ஒரு படி மேலே இருந்தால் போதும் என்று பலர் பங்கு போட்டார்கள். இந்தச் சோதனையைப் பலர் பல இடங்களில் திரும்பச் செய்து பார்த்தாயிற்று, முடிவு நிற்கிறது. இதை உறுதியானது என்ற பக்கத்தில் வைக்கலாம்.

இந்தக் கணக்குப்படி பார்த்தால் நீங்கள் அந்தப் பையனுக்குச் சலுகை காட்டியிருக்க வேண்டும். நேர் எதிராக நடந்திருக்கிறது. அதற்கும் ஆய்வு இருக்கிறது. 1988-ல் மார்க்கேஸ், இசெர்பித், லெயென்ஸ் என்ற மூவர் பெல்ஜியத்தில் மாணவர்களிடம் ஆட்களை எடைபோடச் சொன்னார்கள். நல்ல மாதிரியான பெல்ஜியக்காரரையும் வட ஆப்பிரிக்கரையும் வைத்தால், பெல்ஜியக்காரருக்குக் கூடுதல் மதிப்பு. மோசமான மாதிரி ஆட்களை வைத்தால், பெல்ஜியக்காரரையே வட ஆப்பிரிக்கரைவிட மட்டமாகப் போட்டார்கள். நம்மாள் நல்லவன் என்றால் தலையில் தூக்கி வைப்பது, கெட்டவன் என்றால் கண்காணாத ஆளைவிடக் கேவலமாக நினைப்பது இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. பிறகு வந்த ஆய்வுகளில், தன் கூட்டத்தோடு ஒட்டுதல் அதிகம் உள்ளவர்களிடமே இது அதிகமாகத் தெரிந்தது. ஒட்டுதல் இல்லாதவருக்கு அந்தப் பையன் எத்தனை மணிக்கு வந்தால் என்ன? எனவே உங்கள் முதல் சந்தேகம், இனத்தையே வெறுக்கிறேனோ என்பது, நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் பொருந்தவில்லை. வெறுப்பவர் வீட்டுக்குப் போய் வெட்கப்படமாட்டார்.

ஆனால் இது பாதி விளக்கம்தான். மீதிப் பாதி அந்த மாடியில் உள்ள தலைக்கணக்கு. 1977-ல் ரோஸபெத் மோஸ் கான்டர் என்ற சமூகவியலாளர் அமெரிக்காவின் பெரிய கம்பெனி ஒன்றில் பெண்கள் ஒன்றிரண்டு பேராக மட்டும் இருந்த விற்பனைப் பிரிவுகளைப் பார்த்து எழுதினார். ஒரு கூட்டத்தில் ஒரு வகையினர் ஏறக்குறைய 15 விழுக்காட்டுக்குக் கீழே போய்விட்டால் அவர்கள் ஆட்களாகத் தெரிவதில்லை, அடையாளமாகத்தான் தெரிகிறார்கள் என்றார். எல்லாரும் அவர்களையே பார்க்கிறார்கள். ஒருத்தி தவறு செய்தால் 'பொம்பளைங்க இப்படித்தான்' ஆகிவிடுகிறது. அந்த நிலையில் சிலர் தம் வகையினரிடமிருந்தே தள்ளி நிற்கிறார்கள், அவர்களைப் பற்றிய கிண்டலுக்குச் சேர்ந்து சிரிக்கிறார்கள், புதிதாக வருபவளைக் கூடுதலாகச் சோதிக்கிறார்கள். நம் நாட்டில் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குடிமக்களில் இந்தியர்கள் 6.7 விழுக்காடு. பல அலுவலகங்களில் நாம் ஒருவராகவோ இருவராகவோ இருப்பதற்கு யாருடைய கெட்ட எண்ணமும் தேவையில்லை, கணக்கே அங்கே கொண்டுபோய் விடும். கான்டருக்கு மறுப்பும் உண்டு. 1992-ல் கிறிஸ்டின் வில்லியம்ஸ் பெண்கள் நிறைந்த வேலைகளில், நர்ஸ் வேலை மாதிரி, சிறுபான்மையாக இருக்கும் ஆண்களைப் பார்த்தார். அவர்கள் நசுங்கவில்லை, சீக்கிரம் மேலே போனார்கள். வெறும் எண்ணிக்கை மட்டும் போதாது, அந்தக் கூட்டத்துக்கு வெளியில் என்ன மதிப்பு இருக்கிறது என்பதும் சேர்ந்துதான் வேலை செய்கிறது. உங்கள் மாடியில் ஒரே ஒரு வெள்ளைக்காரர் இருந்தால் அவர் தாமதமாக வரும் இன்னொரு வெள்ளைக்காரரைப் பார்த்துக் கூசுவாரா என்று யோசித்துப் பாருங்கள்.

இதை நான் அருகில் பார்த்த இடம் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலை. லைன் லீடர் ஒருவர், நம்ம தமிழ்ப் பெண், பிறை பக்கத்திலிருந்து தினமும் பாலம் தாண்டி வருபவர். லைனில் பல நாட்டு ஆட்கள். யார் பக்கத்திலாவது ரிஜெக்ட் (தரமில்லாமல் ஒதுக்கும் பொருள்) கூடினால் டெக்னீஷியனை அனுப்பி மெஷினைப் பார்க்கச் சொல்வார். அந்த லைனில் இருந்த தமிழ் ஆபரேட்டர் பக்கம் ரிஜெக்ட் கூடினால் மட்டும் மெஷினைப் பார்க்க ஆள் அனுப்பமாட்டார். தானே எழுந்து போவார், அந்தப் பெண்ணின் கையில் நிலைமின்சாரத்தைத் தடுக்கும் பட்டை சரியாகக் கட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பார், தட்டை அவள் முகத்துக்கு நேரே சாய்த்துக் காட்டுவார். அவருக்கே இது தெரியவில்லை. ஷிப்ட் முடிந்து கேன்டீனில் உட்கார்ந்தபோது நான் கேட்டேன். கொஞ்ச நேரம் தே தாரிக்கைக் கலக்கிக்கொண்டே இருந்தார். 'மத்தவங்க தப்பு பண்ணா ரிப்போர்ட்ல லைன் நம்பர் வரும். அவ தப்பு பண்ணா மேல மீட்டிங்ல, உங்க ஆளுதானே, கொஞ்சம் சொல்லி வைங்கன்னு எங்கிட்டதான் சொல்வாங்க' என்றார். அந்த மேனேஜர் கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருக்கமாட்டார். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் இன்னொருத்தியின் தவறு இவர் கணக்கில் ஏறிவிட்டது.

இந்த ஏற்பாடு நமக்குப் புதிதும் இல்லை. மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கத் துரைமார் கங்காணியைத்தான் ஊருக்கு அனுப்பினார்கள். சொந்த ஊர், சொந்த சாதி சனத்திலிருந்து ஆள் கூட்டி வருவது அவர் வேலை. இந்திய அரசு 1938-ல் தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்யும்வரை இது ஓடியது. கூட்டி வந்த ஆட்களில் எத்தனை பேர் அன்றன்று வேலைக்கு இறங்கினார்களோ, அந்தத் தலைக்கணக்குப்படி கங்காணிக்குக் காசு. ஒருவன் காய்ச்சலில் லயத்தில் (தோட்டக் குடியிருப்பில்) படுத்தால் கங்காணிக்கு நஷ்டம். கங்காணி பிரம்பை எடுத்தது அவர் பிறவிக் குணத்தால் என்று பாட்டிமார் கதைகளில் கேட்டிருப்போம். சம்பளம் கணக்குப் போடப்பட்ட விதத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். உங்களைக் கங்காணி என்று நான் சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். அடுத்தவன் நடத்தைக்கு நீ பொறுப்பு என்று வைத்துவிட்டால் சாதுவான மனிதர்கூட எப்படி ஆவார் என்பதற்கு நம் வரலாற்றில் இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கெட்ட பேர் என்று எழுதினீர்களே, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தப் பேர் ஒரே மாதிரி நிலைத்து இருந்ததில்லை. துரைமார் காலத்தில் தமிழனைப் பற்றிய பொதுக் கருத்து, சொன்னபடி கேட்பவன், சாது, எதிர்த்துப் பேசமாட்டான் என்பது. மலாய்க்காரருக்குச் சோம்பேறி என்று பேர். தோட்டத்தில் துரைமார் சொன்ன சம்பளத்துக்கு, துரைமார் சொன்ன முறையில் உழைக்க வராதவருக்கு அந்தப் பேர் ஒட்டப்பட்டது, அது முதலாளிக்கு வசதியாக இருந்தது என்று சமூகவியலாளர் சையத் உசேன் அலாத்தாஸ் 1977-லேயே விரிவாக எழுதினார். அந்தச் 'சாதுத் தமிழன்'தான் 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தான். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, கொடுமை செய்யும் அலுவலர்களை மாற்றுவது இவற்றோடு, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் கோரிக்கைப் பட்டியலில் இருந்தது. ராணுவம் வந்தது, தலைவர் ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். இன்றைக்கு அதே கூட்டத்துக்குச் சண்டைக்காரன், சத்தக்காரன் என்று பேர். அதே வாயால் 'நல்ல வக்கீல் வேண்டுமா, இந்தியரைப் பார்' என்றும் சொல்கிறார்கள். நூறு வருஷத்துக்குள் தலைகீழாக மாறிய ஒன்றை ரத்தத்தில் ஊறிய குணம் என்று சொல்ல வழியில்லை.

சரி, 'நீ மற்ற இந்தியன்ஸ் மாதிரி இல்லை' என்ற பாராட்டுக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அதுதான். ஒரு மனிதருக்கு ஒரு கூட்டத்தைப் பற்றி முன்முடிவு இருக்கிறது, அதற்குப் பொருந்தாத ஆள் எதிரே உட்கார்ந்திருக்கிறார். முன்முடிவைத் திருத்துவது சிரமம், ஆளைக் கூட்டத்திலிருந்து கழற்றிவிடுவது சுலபம். 'இவள் விதிவிலக்கு' என்று தனி டப்பாவில் போட்டு மூடிவிட்டால் பழைய கருத்து பத்திரமாக இருக்கும். 1983-ல் ரெனே வெபரும் ஜெனிஃபர் க்ராக்கரும் இதைச் சோதித்தார்கள். ஒரு கூட்டத்தைப் பற்றிய பொதுக் கருத்துக்கு எதிரான விவரங்களை, ஒரே அளவில், இரண்டு விதமாகக் கொடுத்தார்கள். எல்லாம் ஓரிருவர் மேல் குவிந்திருந்தபோது அவர்களை விதிவிலக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள், கருத்து அவ்வளவாக அசையவில்லை. அதே விவரங்கள் பலர் மேல் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவியிருந்தபோது அசைந்தது. உங்கள் விஷயத்தில் இதன் பொருள் கொஞ்சம் கசப்பானது. ஆறு வருஷமாக நேரம் தவறாமல் வந்து, குரலை உயர்த்தாமல், கணக்கில் ஒரு சென் பிசகாமல் இருந்தீர்கள். அதனால் உங்களுக்கு நல்ல பேர் கிடைத்தது. அந்தப் பேர் இனத்துக்குப் போய்ச் சேரவில்லை, உங்களோடு நின்றுவிட்டது. முத்தான ஒருவரைவிட, சில நாள் நன்றாகவும் சில நாள் சுமாராகவும் வேலை பார்க்கும் சாதாரணமான நாலைந்து பேர் அந்த மாடியில் இருந்தால் அந்த மேசையில் பேச்சு மாறும். 'நம் மானத்தை நான்தான் காப்பாற்றுகிறேன்' என்று நினைத்து அந்தப் பையனை விரட்டினால், மாற்றம் வரக்கூடிய ஒரே வழியையும் நீங்களே அடைப்பதாக ஆகும்.

அந்த பேன்ட்ரிக் கூச்சத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். பத்துமலையில் தைப்பூசத்தன்று நீங்கள் இந்தியர் என்று உங்களுக்கு நினைவே இருக்காது. எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்பதுதான் அங்கே அடையாளம். சென்னைக்குப் போனால் ஆட்டோக்காரர் ஒரு நிமிஷத்தில் 'மலேசியாவா' என்று கேட்டு உங்களை மலேசியராக்கிவிடுவார். அமெரிக்கப் பள்ளிகளில் வில்லியம் மெக்குவையர் குழு 1978-ல், 'உன்னைப் பற்றிச் சொல்' என்று மட்டும் பிள்ளைகளிடம் கேட்டது. வகுப்பில் தன் இனம் சிறுபான்மையாக இருந்த பிள்ளைகள்தான் இனத்தைத் தாமாக அதிகம் குறிப்பிட்டார்கள். ஆறு வருஷம் ஒரு மாடியில் தனியாக இருந்தவருக்கு அந்தத் தமிழ்க் குரல் தன்னையே எல்லார் முன்னாலும் சுட்டிக் காட்டுவது மாதிரி கேட்டதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அடுத்த மேசையில் இருவர் கான்டனீஸில் சத்தமாகப் பேசும்போது யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை, ஏனென்றால் அங்கே அது அறையின் சத்தம்.

இனி சந்தேகமான பகுதி. கெட்ட பேர் உள்ளே இறங்கி ஆளையே மட்டமாக்கும் என்ற கருத்தை நீங்கள் எங்கோ படித்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதன் புகழ்பெற்ற வடிவம் 1995-ல் க்ளாட் ஸ்டீலும் ஜோஷுவா ஆரன்சனும் அமெரிக்காவில் செய்த ஆய்வு. கடினமான மொழித் தேர்வு ஒன்றை 'இது உங்கள் அறிவை அளக்கும்' என்று சொல்லிக் கொடுத்தபோது கறுப்பின மாணவர்கள் தடுமாறினார்கள். அப்படிச் சொல்லாமல் கொடுத்தபோது வெள்ளை மாணவர்களோடு இருந்த இடைவெளி வெகுவாகச் சுருங்கியது. பிறகு பெண்களும் கணிதமும் என்று இதே பாணியில் எக்கச்சக்கமான ஆய்வுகள் வந்தன. நானும் வகுப்பில் இதை வேதவாக்கு மாதிரி நடத்திய காலம் உண்டு, அன்றைக்கு எல்லாரும் அப்படித்தான் நடத்தினார்கள். இப்போது நிலைமை வேறு. 2018-ல் நெதர்லாந்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வைத்து, முறையை முன்கூட்டியே பதிவு செய்துவிட்டு, கணிதத்தில் இதைச் சோதித்தார்கள். எதிர்பார்த்த விளைவு வரவில்லை. தலைக்குள் நுழைந்து ஒரே கேள்வியில் ஆளைக் கவிழ்க்கும் மந்திரமாக இதை நம்ப இப்போது எனக்குத் தைரியம் இல்லை. கவனிக்கப்படுகிறோம் என்ற பதற்றம் பொய் என்று யாரும் சொல்லவில்லை. அது தேர்வு மார்க்கை எவ்வளவு குறைக்கிறது, யாருக்கு, எப்போது என்பதில்தான் இழுபறி. கூட்டத்துக்கு முன் நீங்கள் எண்களை மூன்று தடவை சரிபார்ப்பதாக எழுதியிருந்தீர்கள். அது பதற்றமாக இருக்கலாம், வெறும் நல்ல கணக்காளர் பழக்கமாகவும் இருக்கலாம். தூரத்திலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது.

இதற்கு நேர்மாறாக, அடுத்தவர் நம்மை நடத்தும் விதத்தின் வழியாகக் கெட்ட பேர் வேலை செய்வதற்கு ஆதாரம் பலமாக இருக்கிறது என்பது என் எண்ணம். கார்ல் வேர்ட், மார்க் ஸன்னா, ஜோயல் கூப்பர் 1974-ல் பிரின்ஸ்டனில் செய்த ஒன்றைச் சொல்கிறேன். முதல் பாகத்தில் வெள்ளை மாணவர்கள் ஆட்களை நேர்காணல் செய்தார்கள். கறுப்பின விண்ணப்பதாரர் வந்தபோது நாற்காலியைத் தள்ளிப் போட்டார்கள், பேச்சில் தடுமாறினார்கள், சீக்கிரம் முடித்துவிட்டார்கள். இரண்டாம் பாகம்தான் அருமை. நேர்காணல் செய்பவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, வெள்ளை விண்ணப்பதாரர்களிடமே அந்த மாதிரி தள்ளி உட்கார்ந்து, தடுமாறி, சீக்கிரம் முடிக்கச் சொன்னார்கள். அந்த வெள்ளைக்காரர்களும் பதற்றமாகி, சொதப்பிவிட்டுப் போனார்கள். பழைய ஆய்வு, ஆட்களும் குறைவு, எனவே அதிலுள்ள எண்களை நான் தூக்கிப் பிடிக்கமாட்டேன். ஆனால் வேலையிடங்களில் அந்த ஓட்டத்தை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நம் நாட்டிலேயே லீ ஹ்வோக் ஆன், முகமட் அப்துல் காலிட் இருவரும் பொறியியல், கணக்கியல் வேலைகளுக்குப் போலி விண்ணப்பங்கள் அனுப்பி 2016-ல் ஆய்வு வெளியிட்டார்கள். தனியார் கம்பெனிகளிலிருந்து சீனப் பெயர்களுக்கு வந்த நேர்காணல் அழைப்பு மலாய்ப் பெயர்களுக்கு வந்ததைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. அதில் இந்தியப் பெயர்களை அவர்கள் சேர்க்கவில்லை, ஆகவே நம்மைப் பற்றி அதை வைத்துக் கணக்குப் போடக்கூடாது. ஆனால் பேர் என்பது மனசுக்குள் இருக்கும் விஷயம் மட்டும் இல்லை, தபால் பெட்டியிலேயே தெரிகிறது என்பதற்கு அது போதும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தப் பையனுக்கு இப்போது அந்த நாற்காலியைத் தள்ளிப் போடுபவர் நீங்களாக இருக்கலாம். இரண்டு தடவை திட்டு வாங்கியவன் உங்கள் மேசைக்குச் சந்தேகம் கேட்க வரமாட்டான். கேட்காதவன் தவறு செய்வான், அதைப் பார்த்து 'நான் நினைத்தது சரி' என்று தோன்றும். அவன் தாமதமாக வந்தது அவன் தப்புதான், அதை மூடி மறைக்க வேண்டாம். சீனப் பையனின் அரை மணி நேரத்துக்கு உள்ள அளவுகோலே இவனுடைய பத்து நிமிஷத்துக்கும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இதில் நல்ல மனசு மட்டும் வைத்துக்கொண்டு ஜெயிக்க முடியாது, முறை வேண்டும். எரிக் ஊல்மனும் ஜெஃப்ரி கோஹனும் 2005-ல் காட்டியது எனக்குப் பிடித்த ஆய்வு. போலீஸ் தலைவர் வேலைக்கு ஆணும் பெண்ணும் போட்டி. ஆளைப் பார்த்த பிறகு தகுதியைத் தீர்மானிக்க விட்டால், ஆணிடம் எது இருக்கிறதோ அதுவே முக்கியத் தகுதி என்று ஆக்கிக்கொண்டார்கள். தகுதி எது என்று முன்கூட்டியே முடிவு செய்யச் சொன்னபோது அந்த ஓரவஞ்சனை மறைந்தது. நான் சூப்பர்வைசர்களுக்குச் சொல்வதும் இதுதான்: பிராக்டிகல் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே தாளில் முதலிலேயே எழுதி வையுங்கள், எத்தனை நிமிஷம் தாமதம், எத்தனை தடவைக்கு வாய்ச் சொல், எப்போது எழுத்தில். எல்லார் பேரையும் ஒன்றாகப் பதியுங்கள். மாதக் கடைசியில் அந்தத் தாளைப் பார்த்தால் யார் மேல் உங்கள் கோபம் தாளைத் தாண்டிப் போயிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். 'உங்க ஆளுதானே, சொல்லி வைங்க' என்று மேனேஜர் உங்களிடம் கொண்டுவந்தால், சிரித்துக்கொண்டே 'அவர் சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள் பாஸ்' என்று திருப்பி அனுப்புங்கள். முதல் தடவை சங்கடமாக இருக்கும். அந்த லைன் லீடர் அப்படிச் சொல்லத் தொடங்கிய பிறகு தட்டைச் சாய்த்துக் காட்டுவது தானாகவே குறைந்தது. ஒரே ஒரு ஆளை வைத்துச் சொல்கிறேன், ஆய்வு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கடைசி வரியில் அவனோடு ஆபிஸில் தமிழில் பேசலாமா என்று கேட்டிருந்தீர்கள். பேசுங்கள். யாரோடு பேசுகிறோமோ அவரை ஒட்டி நம் பேச்சு தானாக வளைகிறது என்பதை ஹோவர்ட் கைல்ஸ் என்ற ஆய்வாளர் 1970-களிலிருந்தே எழுதி வருகிறார், அதில் போலித்தனம் ஒன்றும் இல்லை. வீட்டில் ஒரு தமிழ், மாமாக் கடையில் ஒரு மலாய், மீட்டிங்கில் ஒரு ஆங்கிலம் என்று வாழ்வதுதான் இந்த நாட்டில் எல்லாருக்கும் வழக்கம். மூன்றாவது ஆள் வந்து உட்கார்ந்தால் அவருக்கும் புரியும் மொழிக்கு மாறிக்கொள்ளுங்கள், அது வெறும் மரியாதை. பேன்ட்ரியில் சத்தம் நிஜமாகவே அதிகம் என்றால், மொழியைச் சொல்லாமல் சத்தத்தை மட்டும் சொல்லுங்கள்: 'தம்பி, கொஞ்சம் மெதுவா, உள்ள கான்பரன்ஸ் கால் ஓடுது.' கான்டனீஸில் கத்துகிறவரிடமும் அதையே சொல்லுங்கள்.